நாற்பது நிமிடங்களில் ஒரு தாய்லாந்துக் குழம்பு



வைட்ஃபீல்டில் மாலை ஏழரை மணி. ஐ.டி.பி.எல். வளாகத்திலிருந்து திரும்பும் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. 2023-ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் வந்தபின் சிலருடைய பயணம் இலகுவாயிற்று. ஆயினும் கணவனும் மனைவியும் களைத்தே வீடு வந்து சேருகிறார்கள். அதற்குள் பிள்ளைகள் கைபேசியில் தாய்லாந்து உணவுக்குச் சொல்லியாயிற்று. பொட்டலம் வந்ததும் ஒருவர் அறைக்குள்ளும் மற்றவர் தொலைக்காட்சியின் முன்பும் அமர்ந்து உண்கிறார்கள். உங்கள் இல்லத்திலும் இப்படித்தானா?

பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர்கள் விரும்பும் அதே பச்சைக் குழம்பை நீங்களே சமைக்கலாம். அது நமக்கு அந்நியமான உணவும் அன்று. தேங்காய், மல்லி, சீரகம், மிளகு எல்லாம் நம் அஞ்சறைப் பெட்டிக்கு அறிமுகமானவையே. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது. அத்தனை பழைமையான உறவு இது.

நான்கு பேருக்குத் தேவையானவை: எலும்பில்லாக் கோழி அரை கிலோ, பெரிய தேங்காய் ஒன்று, பீன்ஸ், கேரட், குடைமிளகாய் சேர்ந்து இரண்டு கோப்பை. அரைப்பதற்கு: பச்சை மிளகாய் 6, சின்ன வெங்காயம் 8, பூண்டு 6 பல், இஞ்சி ஒரு துண்டு, எலுமிச்சம்புல்லின் அடித்தண்டு 2, மல்லித்தண்டு ஒரு பிடி, மல்லி விதை ஒரு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, மிளகு சிறிது. எலுமிச்சைத் தோலின் பச்சைப் பகுதியை மட்டும் சற்றே சீவிச் சேர்க்கவும். வெள்ளைப் பகுதி கசக்கும். தாய்லாந்தில் இஞ்சிக்குப் பதில் பேரரத்தையைப் பச்சையாகச் சேர்ப்பார்கள். அது கிடைக்காவிட்டால் இஞ்சியே போதும். நாட்டுமருந்துக் கடையின் உலர்ந்த சித்தரத்தையை இடவேண்டாம்.

முதலில் சோற்றை அடுப்பில் ஏற்றிவிடுங்கள். பின்பு தேங்காயின் முதற்பாலையும் இரண்டாம் பாலையும் தனித்தனியே எடுங்கள். இங்கேதான் நம் முறையும் அவர்கள் முறையும் பிரிகின்றன. பால் திரிந்துவிடக் கூடாதென்று நாம் முதற்பாலைக் கடைசியில் ஊற்றுவோம். அவர்களோ முதற்பாலைத்தான் முதலில் காய்ச்சி, எண்ணெய் பிரிந்ததும் அந்த எண்ணெயிலேயே அரைத்த விழுதை வதக்குகிறார்கள். விழுதின் மணம் எண்ணெயில் இறங்கிக் குழம்பெங்கும் பரவுகிறது. டப்பாவில் விற்கும் பால் எளிதில் பிரியாது. அப்போது ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் வதக்கலாம்.

பச்சை வாடை போனதும் மெல்லிய துண்டுகளாக்கிய கோழியைப் புரட்டி, இரண்டாம் பாலை ஊற்றுங்கள். ஐந்து நிமிடங்களுக்குப் பின் காய்கறிகளையும் உப்பையும் சிறு துண்டு வெல்லத்தையும் சேருங்கள். கோழி முழுவதும் வெந்தபின் அடுப்பை அணைத்து, எலுமிச்சைச் சாறு பிழிந்து, திருநீற்றுப்பச்சிலையைக் கிள்ளிப் போடுங்கள். அவர்கள் இடும் துளசி வகையும் அதே இனத்தைச் சேர்ந்ததே.

இரண்டு எச்சரிக்கைகள். கடையில் விற்கும் தாய்லாந்து விழுதுகள் பலவற்றில் இறால் கலந்திருக்கும். இறால் ஒவ்வாத பிள்ளை வீட்டிலிருந்தால் உறையின்மீது அச்சிட்டிருப்பதை வாசிக்காமல் வாங்காதீர்கள். விழுதை வீட்டில் அரைப்பதே பாதுகாப்பு. அடுத்து, மீன் சாறு. அது நெத்திலியையும் உப்பையும் புளிக்கவைத்து எடுப்பது. ஒரு மேசைக்கரண்டி மீன் சாற்றில் 1 கிராமுக்கும் அதிகமான சோடியம் உண்டு. நாளொன்றுக்கு 2 கிராமுக்குக் குறைவாகவே சோடியம் கொள்ளவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்த அழுத்தமுள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

சகோதரிகளே, இவை அனைத்தையும் நீங்கள் ஒருவராகவே செய்யவேண்டும் என்று எண்ணாதிருங்கள். நீங்களும் அலுவலகத்திலிருந்து களைத்து வந்தவர்களே. சகோதரர்களே, தேங்காய் துருவுவதும் பாத்திரம் கழுவுவதும் உங்கள் கைக்கும் வரும். காய் நறுக்கப் பெரிய பிள்ளையும், தட்டு வைக்கச் சிறிய பிள்ளையும் இருக்கட்டும். விழுதைச் சனிக்கிழமை அரைத்து உறைபெட்டியில் வைத்தால் வாரநாளில் பாதி வேலை குறையும்.

சொந்த ஊரில் பாட்டியும் சித்தியும் சூழ உண்டவர்கள் நாம். இந்நகரில் நம் பிள்ளைகளுக்கு இருப்பது நாம் மட்டுமே. வாரத்தில் ஓர் இரவாவது கைபேசிகளை ஒதுக்கிவைத்து, ஒரே குழம்பைச் சுற்றி அமருங்கள். அவர்கள் பள்ளியில் நடந்ததைப் பேசத் தொடங்குவார்கள், அப்போது செவிகொடுங்கள்.