பூட்டு சரி, எதிரில் யார்?

கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் ஒரு வளையத்தில் கோக்கப்பட்டவை. வளையத்தின் இணைப்பில் புலி, இரட்டை மீன், வில் பொறித்த முத்திரை. ஏட்டில் இருப்பது அரசனின் ஆணைதான் என்பதற்கு அதுவே சாட்சி. இன்று அரியலூரிலோ பெரம்பலூரிலோ ஒருவர் உரையாடல் செயலியைத் திறந்ததும், சர்வர் அப்படியொரு சாட்சியை நீட்டுகிறது: பாதுகாப்புச் சான்றிதழ்.

அதில் சர்வரின் பெயர், பொதுச் சாவி, காலக்கெடு, சான்றளித்த நிறுவனத்தின் மின்கையொப்பம் ஆகியவை இருக்கும். பெயர் பொருந்துகிறதா, கெடு முடிந்துவிட்டதா, கையொப்பமிட்டவர் போனின் நம்பிக்கைப் பட்டியலில் வருகிறாரா என்று செயலி கண்ணிமைக்கும் நேரத்தில் பார்த்துவிடும். செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் குறியாக்கம் மட்டும் போதாது. நடுவில் புகுந்தவனோடும் குறியாக்கம் செய்தே பேசிக்கொண்டிருக்க முடியும். அவன் படித்துவிட்டு அடுத்த பக்கம் அனுப்புவான்.

சான்றளிக்கும் இடத்திலேயே பிசகு நேர்வதும் உண்டு. நம் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து, கூகுளின் முகவரிகளுக்கு அதன் அனுமதியின்றிச் சான்றிதழ்கள் வெளியானது 2014 ஜூலையில் தெரியவந்தது. உடனே அவை ரத்தாயின.

உரையாடல் சேவையிலேயே நடந்த சம்பவம் இன்னும் கவலை தருவது. ஜாபர்.ஆர்யூ என்ற ரஷ்யச் சேவையின் சர்வர்கள் ஜெர்மனியில் இருந்தன. 2023 அக்டோபரில், அதில் இணைய முயன்றவர்களுக்குச் ‘சான்றிதழ் காலாவதி’ என்ற எச்சரிக்கை வந்தது. நிர்வாகி பார்த்தால், சர்வரில் இருந்த சான்றிதழ் காலாவதியாகவில்லை. அப்படியானால் எச்சரிக்கைக்குக் காரணமான சான்றிதழ் யாருடையது? வழியில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டவர்களுடையது! சர்வருக்குப் போகும் பாதையே அவர்கள் பிடியில் இருந்ததால், ‘இந்த முகவரி உங்களுடையதுதானா’ என்று சான்றளிக்கும் நிறுவனம் செய்யும் சோதனைக்கும் அவர்களே பதில் சொல்லிவிட முடிந்தது. அப்படிப் பெற்ற சான்றிதழ்கள், வெளியாகும் சான்றிதழ்களைக் குறித்துவைக்கும் பொதுப் பதிவேட்டில் ஏப்ரல் முதலே கிடந்தன, யாரும் கவனிக்கவில்லை. புதுப்பிக்கத் தவறியதால்தான் அகப்பட்டார்கள். காலாவதி எச்சரிக்கை வந்தால் ‘பரவாயில்லை, தொடர்க’ என்று தட்டிவிடாதீர்கள் என நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வாட்ஸ்அப்பில் இரண்டாவது காவலும் உண்டு. எதிராளியின் விவரப் பக்கத்தில் ‘குறியாக்கம்’ என்பதைத் தட்டினால் 60 இலக்க எண்ணும் கியூஆர் குறியும் தெரியும். இரு போன்களிலும் எண் ஒன்றாக இருந்தால் நடுவில் எவரும் இல்லை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து வளைகுடாவுக்குப் போன மகன் விடுப்பில் வரும்போது, அம்மாவின் போனில் உள்ள குறியை ஒருமுறை ஸ்கேன் செய்துகொள்ளலாம். போனை மாற்றினாலும் எண் மாறும். வேறொருவர் கணக்கைக் கைப்பற்றினாலும் மாறும். அமைப்புகளில் பாதுகாப்பு அறிவிப்பை இயக்கி வைத்தால் செயலியே அதைச் சொல்லிவிடும். அந்த அறிவிப்பைத் தொடர்ந்து பணம் கேட்டுச் செய்தி வந்தால், மகனைப் போனில் கூப்பிட்டு அவன் குரலைக் கேட்ட பிறகே அனுப்ப வேண்டும்.