மோதிர விரலில் தொடங்கும் படிப்பு

பல் டாக்டரிடம் போய் ‘க்ளீனிங்’ செய்துகொண்டவர்களுக்குத் தெரியும், அது அரை மணி நேர வேலை. கர்ரென்று ஒரு மிஷின், வாய் நிறையத் தண்ணீர், நடுவில் இரண்டு முறை துப்பல், அவ்வளவுதான். இதற்கென்றே ஒருவர் இரண்டு வருடம் படிக்கிறார் என்றால் நமக்குச் சிரிப்பு வரும். அமெரிக்காவில் படிக்கிறார்கள். அங்கே இந்த வேலையைச் செய்பவர் பெரும்பாலும் பல் மருத்துவர் அல்ல, டென்டல் ஹைஜீனிஸ்ட். அது உரிமம் வாங்கிச் செய்கிற தனித் தொழில். அந்தப் படிப்பில் சேர்ந்த முதலாண்டு மாணவியைப் பல வாரங்களுக்கு நோயாளி பக்கமே விடமாட்டார்கள். அதுவரை அவள் என்னதான் செய்வாள்?

இந்தத் தொழில் பிறந்தது கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில். அங்கே பல் மருத்துவராக இருந்த ஆல்ஃபிரட் ஃபோன்ஸ், சொத்தை வந்த பிறகு அடைப்பதைவிட வராமல் காப்பதே மேல் என்று நம்பியவர். 1906-ல் தன் உதவியாளரான ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார். அவர் ஃபோன்ஸுக்கு உறவுக்காரப் பெண்ணும்கூட. 1913-ல் ஃபோன்ஸ் இதற்காக ஒரு பள்ளியையே தொடங்கினார். மறு ஆண்டு 27 பெண்கள் தேர்ச்சி பெற்று வெளியே வந்தார்கள். அவர்களில் பலர் நேராகப் போனது ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு, குழந்தைகளின் பல்லைச் சுத்தம் செய்ய. ‘பல் நர்ஸ்’ என்ற பெயர் ஃபோன்ஸுக்குப் பிடிக்கவில்லை. நர்ஸ் என்றால் நோய் நினைவுக்கு வருகிறது, இவர்கள் நோய் வராமல் பார்ப்பவர்கள் என்பது அவர் வாதம். ஹைஜீனிஸ்ட் என்ற சொல் அப்படித்தான் வந்தது. 1917-ல் ஐரீன் நியூமன் இந்தத் தொழிலின் முதல் உரிமத்தைப் பெற்றார்.

இன்று அமெரிக்காவில் 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இந்தப் படிப்பு இருக்கிறது. முதல் பருவத்துக்கு ‘ப்ரீ-க்ளினிக்’ என்று பெயர். நோயாளி நாற்காலியில் படுத்திருப்பது ஒரு பொம்மைத் தலை. அதன் வாய்க்குள் டைப்போடான்ட் என்ற செயற்கைப் பல்வரிசை. அதில் நகப்பூச்சைத் தடவிக் காயவைத்து, அதைப் பல்லில் இறுகிய காரையாக நினைத்துச் சுரண்டுவது பல கல்லூரிகளில் நடக்கிற பழைய தந்திரம்.

சுரண்டுவதற்கு முன்னால் உட்காரப் பழக வேண்டும். நோயாளியின் முகத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். உச்சந்தலைக்கு நேர் பின்னால் 12 மணி, வலது காதுப் பக்கம் 9 மணி. எந்தப் பல்லின் எந்தப் பக்கத்துக்கு எந்த மணியில் உட்கார வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வலக்கைக்காரருக்கு ஒரு கணக்கு, இடக்கைக்காரருக்கு அதைத் திருப்பிப் போட்ட கணக்கு. கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தால் திட்டு விழும். இது வெறும் கண்டிப்பு அல்ல. இந்தத் தொழிலில் பலரை வேலையைவிட்டு வெளியேற்றுவது கழுத்து, தோள், மணிக்கட்டு வலிதான்.

அடுத்தது பிடி. பேனா பிடிப்பதுபோல, ஆனால் அப்படியே அல்ல. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருவியின் கைப்பிடியில் எதிரெதிராக இருக்க வேண்டும். நடுவிரலின் நுனி, கருவி குறுகத் தொடங்கும் கழுத்தில் லேசாகப் படிந்திருக்க வேண்டும். அதிர்வை உணர்வது அந்த விரல்தான். மோதிர விரல் பக்கத்துப் பல் ஒன்றின் மேல் ஊன்றி நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் ஃபல்க்ரம் என்கிறார்கள், நமக்கு ‘ஊன்று விரல்’ போதும். நோயாளி திடுக்கென்று தலையைத் திருப்பினாலும் கையும் கூடவே திரும்பும், கூர்முனை ஈற்றில் இறங்காது. சவரக் கத்தி பிடிப்பவர் கன்னத்தில் விரல் வைக்காமல் கத்தியை இழுப்பதில்லையே, அதே நியாயம். கருவியை இழுப்பதும் விரலால் அல்ல. ஊன்று விரலை அச்சாக வைத்து, சாவி திருகுவதுபோல முன்கை சேர்ந்து அசைய வேண்டும். விரலை மடக்கி இழுத்தால் நாலே நோயாளியில் கை ஓய்ந்துவிடும்.

என்னைக் கேட்டால், முதலாண்டின் பாதிப் பாடம் இந்த ஒரு விரலில் இருக்கிறது. மீதிப் பாதி, கண்ணுக்குத் தெரியாததைக் கையால் பார்ப்பது.

பல்லில் படியும் அழுக்குப் படலம், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு சில நாட்களிலேயே இறுகத் தொடங்கும். அதுதான் காரை. ஈற்றுக்கு மேலே இருப்பது மஞ்சளாகக் கண்ணில் படும். தொல்லை தருவது ஈற்றுக்கு அடியில் ஒளிந்து, வேரை ஒட்டிக்கொண்டிருப்பது. காரை சேரச் சேர ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, பல் பிடிமானத்தை இழக்கும். (“சுத்தம் பண்ணினதுக்கு அப்புறம்தான் பல் ஆடுது” என்று நம்மூரில் டாக்டரைக் குறை சொல்வார்கள். பல் முன்பே பிடிமானம் இழந்திருக்கும், அதைத் தாங்கி மறைத்துக்கொண்டிருந்தது காரை.) ஈற்றுக்கு அடியில் உள்ள அந்த இடத்தைக் கண்ணாடி வைத்தும் பார்க்க முடியாது. எக்ஸ்ப்ளோரர் என்ற ஊசிமுனைக் கம்பியை ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவே நுழைத்து, வேரின் மேல் மெதுவாக வருடிப் போக வேண்டும். அரிசி களையும்போது அடியில் கிடக்கும் கல்லைக் கை கண்டுபிடிக்கிறதே, அதுபோல. கம்பியை இறுக்கிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. புதிதாகச் சேர்ந்தவர் எல்லோரும் இறுக்கித்தான் பிடிப்பார்கள்.

ஈறு எவ்வளவு ஆழம் விலகியிருக்கிறது என்று அளக்க இன்னொரு கம்பி, மில்லிமீட்டர் கோடு போட்டது. ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளக்க வேண்டும். ஞானப்பல் நீங்கலாக 28 பல் என்றால் 168 எண்கள். 1 முதல் 3 வரை இருந்தால் நலம். 4, 5 என்று ஏறினால் கவலை. அழுத்தம் 10 முதல் 20 கிராம் அளவுக்குள் இருக்க வேண்டும். கூடினால் நோயாளி துள்ளுவார், எண்ணும் பொய்யாகும்.

காரையைப் பெயர்ப்பதில் கோணம்தான் எல்லாம். கருவியின் முகத்துக்கும் பல்லுக்கும் இடையே 45 பாகைக்கு மேல், 90-க்குக் கீழ் இருக்க வேண்டும். அதிகமானால் ஈறு கிழியும். குறைந்தால் நடப்பது அதைவிட மோசம் என்பேன். அடிப்பிடித்த பால் பாத்திரத்தில் கரண்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எப்படி வழுக்கிப் போகும், அப்படிக் கருவி காரையின் மேலாக வழுக்கி அதை வழவழப்பாக்கிவிடும். அதன்பின் எக்ஸ்ப்ளோரரால் வருடினாலும் காரை அகப்படாது. மாணவி சுத்தமாகிவிட்டது என்று நினைப்பாள், நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். கருவி மழுங்கியிருந்தாலும் இதே கதிதான். அதனால் சாணைக் கல்லில் கருவி தீட்டுவதும் பாடத்தில் உண்டு.

கருவியே ஒன்றிரண்டு அல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த கிளேட்டன் கிரேசி வடிவமைத்த கருவி வரிசையில், ஒவ்வொன்றும் பல்லின் ஒரு குறிப்பிட்ட பக்கத்துக்கென்றே வளைக்கப்பட்டது. கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கு 11/12 எண் கருவி, அதன் பின்பக்கத்துக்கு 13/14. இரண்டு விளிம்பில் ஒன்றுதான் வெட்டும். எது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரியாத மாணவிக்கு அந்தப் பருவம் சிரமம்தான்.

பொம்மையில் தேறியபின் வகுப்புத் தோழியின் வாய். இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு. 20 கிராம் அழுத்தம் எப்படி இருக்கும், உறிஞ்சு குழாய் தொண்டையைத் தொட்டால் எப்படிக் குமட்டும் என்பதெல்லாம் தன் வாயில் பட்டபிறகே புரியும்.

பிறகு நிஜ நோயாளி. ஆனால் பல்லைத் தொடுமுன் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 180/110-க்கு மேல் போனால் அன்று சிகிச்சை கிடையாது, மருத்துவரைப் பார்க்க அனுப்புவார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறாரா, செயற்கை இதய வால்வு இருக்கிறதா என்று கேட்டு எழுத வேண்டும். வால்வு இருந்தால் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல் ஈற்றில் கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் கையைத் தூக்கி ஆசிரியரை அழைத்து, அவர் பார்த்துச் சரி என்ற பின்னரே அடுத்தது. ஐந்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்பது அங்கீகார விதி. ஒரு வாய் முடியவே இரண்டு, மூன்று தடவை வர வேண்டியிருக்கும், தடவைக்குச் சில மணி நேரம். கட்டணம் குறைவு என்பதால்தான் நோயாளி பொறுத்துக்கொள்கிறார்.

நோயாளியைத் தேடிக் கொண்டுவருவதும் பல கல்லூரிகளில் மாணவியின் பொறுப்புதான். அம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், பகுதிநேர வேலையில் உடன் இருப்பவர் என்று எல்லோரும் வரிசையில் வருவார்கள். காரை மிகுந்த வாய் இத்தனை முடித்தால்தான் தேர்ச்சி என்று கணக்கு இருப்பதால், பத்து வருடமாகப் பல் டாக்டரைப் பார்க்காத ஒருவர் கிடைத்தால் மாணவிக்கு அது புதையல்.

ப்ரீ-க்ளினிக்கில் வாரம் ஆறு மணி நேரமாவது பயிற்சி. நோயாளி பார்க்கத் தொடங்கியதும் 8 முதல் 12 மணி நேரம், இறுதியாண்டில் 12 முதல் 16. இவ்வளவுக்குப் பிறகு 350 கேள்விகள் கொண்ட தேசியத் தேர்வு, மாநில உரிமம்.

நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் டென்டல் ஹைஜீனிஸ்ட் என்ற பிரிவை அங்கீகரித்துத் தனிப் பதிவேடு வைக்கச் சொன்னது. இரண்டாண்டுப் படிப்பும் உண்டு. இருந்தும் நம் கிளினிக்குகளில் பல் சுத்தம் செய்வது பெரும்பாலும் பி.டி.எஸ். படித்த மருத்துவரேதான். நோயாளிகள் வரிசையில் காத்திருக்க, அவருக்கு 168 இடம் அளக்க நேரம் ஏது?

அடுத்த முறை நீங்கள் அந்த நாற்காலியில் சாயும்போது, கைக்கருவியோடு குனிகிறவரின் மோதிர விரலைக் கவனியுங்கள். அது உங்கள் பல்லிலோ தாடையிலோ உறுதியாக ஊன்றியிருந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம். அந்தரத்தில் தொங்கினால், கையை உயர்த்தி ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள்.