சக்கரத்தின் மேல் குடித்தனம்

வீட்டை விற்றுவிட்டு வண்டியில் வாழும் அமெரிக்கத் தாத்தா-பாட்டிகள்

சினிமா படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் நீளமான "கேரவன்" வண்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நடிகர், நடிகைகள் அதில் ஓய்வு எடுப்பார்கள். அப்படி ஒரு வண்டியிலேயே ஒரு கணவனும் மனைவியும் குடித்தனம் நடத்தினால் எப்படி இருக்கும்? ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. வருஷம் முழுவதும்!

அமெரிக்காவில் இப்படி வாழும் தம்பதிகள் ஏராளம். வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும், பலர் வீட்டை விற்று விடுகிறார்கள். கிடைக்கும் பணத்தில் ஒரு வண்டி வாங்குகிறார்கள். அந்த வண்டிக்கு "ஆர்.வி." என்று பெயர். சிலது பஸ் போல தானே ஓடும். சிலதை லாரியின் பின்னால் கட்டி இழுத்துப் போக வேண்டும்.

எட்டரை அடி வீடு

வண்டியின் அகலம் எட்டரை அடிதான். ரோட்டில் அதற்கு மேல் அனுமதி கிடையாது. நீளம் 40 அடி வரை, அதற்கு மேலும் கூட இருக்கும். அதற்குள் கட்டில், சோபா, சமையல் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியல் அறை, கக்கூஸ் எல்லாம் உண்டு. வண்டி நின்றதும் ஒரு பொத்தானை அழுத்தினால், பக்கத்துச் சுவர் பெட்டி போல வெளியே நகரும். அறை அகலமாகிவிடும். புறப்படும்போது மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளலாம்.

வண்டி வாங்குவது பெரிய காரியம் அல்ல. வீட்டைக் காலி செய்வதுதான் கஷ்டம். முப்பது, நாற்பது வருஷமாகச் சேர்த்த சாமான்கள் இருக்கும். மேஜை, பீரோ, பீங்கான் தட்டுகள், கல்யாண போட்டோக்கள், பிள்ளைகள் விளையாடிய பொம்மைகள்! பிள்ளைகளைக் கேட்டால், "எங்களுக்கு வேண்டாம், எங்கள் வீட்டிலேயே இடம் இல்லை" என்கிறார்கள். கடைசியில் எல்லாவற்றையும் வாசலில் பரப்பி, வந்த விலைக்கு விற்க வேண்டியதுதான். மனசு வராதவர்கள், வாடகைக்குக் கிட்டங்கி பிடித்து சாமான்களைப் பூட்டி வைக்கிறார்கள். பல வருஷம் வாடகை கட்டிய பிறகு திறந்து பார்த்து, "இதற்கா இவ்வளவு பணம் கொடுத்தோம்?" என்று தலையில் கை வைப்பவர்களும் உண்டு.

வண்டிப்பேட்டை

இந்த வண்டிகள் தங்குவதற்கு என்றே பேட்டைகள் இருக்கின்றன. அரிசோனா, டெக்சாஸ், புளோரிடா ஆகிய வெப்பமான மாநிலங்களில் அவை அதிகம். வடக்கே மின்னசோட்டா போன்ற இடங்களில் பனி கொட்டும் காலத்தில், தாத்தா-பாட்டிகள் தெற்கு நோக்கிக் கிளம்பி விடுகிறார்கள். கனடாவில் இருந்தும் வருகிறார்கள். இவர்களுக்கு "பனிப் பறவைகள்" என்று பெயர்!

பேட்டையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு இடம். அங்கே தண்ணீர்க் குழாய், மின்சாரப் பெட்டி, சாக்கடைக் குழாய் மூன்றும் இருக்கும். மூன்றையும் மாட்டிவிட்டால் குடித்தனம் ஆரம்பம்.

பல பேட்டைகளில் 55 வயதுக்குக் குறைந்தவர்கள் குடியேற முடியாது. 1995-ம் ஆண்டில் வந்த சட்டம் ஒன்று இதற்கு இடம் கொடுக்கிறது. நூற்றுக்கு 80 குடித்தனங்களிலாவது 55 வயதான ஒருவர் இருந்தால், அதை முதியோர் குடியிருப்பாக நடத்தலாம். பேரப் பிள்ளைகள் வந்து சில நாள் இருக்கலாம். நிரந்தரமாகத் தங்க முடியாது. இந்த விதியைச் சந்தோஷமாக ஏற்பவர்களும் உண்டு. பேரனை நினைத்து ஏங்குபவர்களும் உண்டு.

காலையில் நடை. பிறகு "பிக்கிள்பால்" என்ற பந்து விளையாட்டு. பெண்கள் கூடி ஒட்டுத் துணியில் போர்வை தைக்கிறார்கள். ஆண்கள் மரத்தில் பொம்மை செதுக்குகிறார்கள். பொது அறையில் ஒரு மேஜை மேல் ஆயிரம் துண்டுப் படம் ஒன்று கிடக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு துண்டை வைத்துவிட்டுப் போவார்கள். மாலையில் ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவந்து, கூடி உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

அங்கே இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் முதலில் எதைப் பற்றிப் பேசுவார்கள், தெரியுமா? கக்கூஸ் தொட்டியைப் பற்றி! சிரிக்காதீர்கள். வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. ஒன்று நல்ல தண்ணீருக்கு. பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் சேர்வது சாம்பல் தொட்டி. கக்கூஸ் கழிவு சேர்வது கறுப்புத் தொட்டி. கறுப்புத் தொட்டி நிறைந்ததும் குழாய் மாட்டித் திறந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு சாம்பல் தொட்டியைத் திறந்தால், அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். வரிசையை மாற்றினால் வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம்தான். கம்பெனியில் பெரிய அதிகாரியாக இருந்தவரும், லாரி ஓட்டியவரும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, அதே வேலையைத்தான் பக்கத்துப் பக்கத்தில் நின்று செய்கிறார்கள்.

பாலைவனத்தில் ஒரு பட்டணம்

பேட்டை வாடகை கொடுக்க முடியாதவர்கள், அல்லது கொடுக்க விரும்பாதவர்கள் எங்கே போவார்கள்?

அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் என்று ஒரு பாலைவன ஊர். 2020-ம் ஆண்டு கணக்குப்படி ஜனத்தொகை சுமார் 2,400 பேர். கோடையில் அங்கே வெயில் கொளுத்தும். ஆனால் குளிர்காலம் வந்துவிட்டால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வண்டிகள்! ஊரை ஒட்டி அரசாங்க நிலம் 11,000 ஏக்கருக்கு மேல் இருக்கிறது. 1983-ம் ஆண்டில் இருந்து, செப்டம்பர் 15-ந் தேதி முதல் ஏப்ரல் 15-ந் தேதி வரை அங்கே வண்டிகளை நிறுத்த அனுமதிக்கிறார்கள். ஏழு மாதத்துக்கும் சேர்த்துக் கட்டணம் பல காலம் 180 டாலராகவே இருந்தது. பேட்டைகளில் ஒரு மாத வாடகைக்கே அது போதாது!

கட்டணம் குறைவு என்றால் வசதியும் குறைவு. வண்டி நிற்கும் இடத்தில் மின்சாரம் கிடையாது. கூரை மேல் சூரிய ஒளித் தகடு வைத்து விளக்கு எரிக்கிறார்கள். பொதுக் குழாயில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். இரவு வந்தால் நட்சத்திரமும் நரி ஊளையும்தான்.

இந்த ஊர்ச் சுடுகாட்டில் ஒரு வேடிக்கை. அங்கே பிரமிடு போன்ற ஒரு கல்லறை இருக்கிறது. அதன் உச்சியில் ஒட்டக உருவம். 1856-ம் ஆண்டில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்தது. அவற்றோடு வந்த ஹாஜி அலி என்பவரின் சமாதி அது. அவர் பெயரை உச்சரிக்க வராத அமெரிக்கர்கள் அதை "ஹை ஜாலி" ஆக்கிவிட்டார்கள்!

பென்ஷன் போதுமா?

எல்லோரும் ஜாலிக்காக வண்டி ஏறியவர்கள் என்று நினைக்க வேண்டாம். 2008-ம் ஆண்டில் அமெரிக்காவில் பெரிய பொருளாதார நெருக்கடி வந்தது. சேமிப்பும் வீடும் பறிபோன முதியவர்கள் பலர், வேறு வழி இல்லாமல் வண்டியில் குடியேறினார்கள். இவர்களைப் பற்றி எடுத்த "நோமேட்லேண்ட்" என்ற படம் 2021-ம் ஆண்டில் ஆஸ்கார் பரிசு பெற்றது.

அரசாங்க ஓய்வூதியத்தை 62 வயதில் இருந்து வாங்கலாம். ஆனால் சீக்கிரம் வாங்கத் தொடங்கினால் மாதத் தொகை குறைந்துவிடும். முதியோருக்கான அரசு மருத்துவ உதவியோ 65 வயதில்தான். இடைப்பட்ட வருஷங்களில் நோய் வந்தால் பணம் தண்ணீராகக் கரையும். அதனால் பலர் வேலை செய்கிறார்கள். பூங்காவைக் கவனித்துக்கொண்டால் வண்டி நிறுத்த இடம் இலவசம். வடக்கே இலையுதிர் காலத்தில் சர்க்கரைக் கிழங்கு அறுவடை நடக்கும். பன்னிரண்டு மணி நேர வேலை. எழுபது வயதுக்காரரும் அங்கே நிற்கிறார். ஊர் சுற்றுவதற்காகத்தான் இந்த வேலை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை.

வீடு இல்லாதவருக்கு விலாசம்

வண்டியில் வாழ்பவருக்குக் கடிதம் எங்கே வரும்? டிரைவிங் லைசென்சில் எந்த விலாசம் எழுதுவது?

1978-ம் ஆண்டில் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்ற தம்பதிகள் இப்படி வாழ்பவர்களுக்காக "எஸ்கேப்பீஸ்" என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். டெக்சாசில் லிவிங்ஸ்டன் என்ற ஊர் அதன் தலைமை இடம். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு விலாசம் தருகிறார்கள். கடிதங்கள் அங்கே வந்து குவியும். உறுப்பினர் எந்த மூலையில் இருக்கிறாரோ, அங்கே அனுப்பி வைப்பார்கள். ஒரே ஊரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு விலாசம். ஆனால் அந்த ஊரில் யாரும் இல்லை!

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இருவரில் ஒருவர் படுத்துவிட்டால்?

பெரும்பாலும் கணவர்தான் வண்டி ஓட்டுவார். 40 அடி வண்டியை மனைவி தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். நடுவழியில் அவருக்கு நெஞ்சு வலி வந்தால் என்ன செய்வது? அதனால் "நீங்களும் ஓட்டப் பழகுங்கள் அம்மா" என்று அனுபவசாலிகள் புதிதாக வரும் பெண்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். குழாய் மாட்டுவது, டயரில் காற்றுப் பார்ப்பது எல்லாம் அவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண் பார்வை மங்கி, கால் தளர்ந்து, இனி ஓட்டவே முடியாது என்ற நாளும் வரும். விற்ற வீடு திரும்பி வராது. பிள்ளைகள் வீட்டுக்குப் போகச் சிலருக்கு மனம் இல்லை. சிலருக்குப் பிள்ளைகளே இல்லை. இவர்களுக்காக லிவிங்ஸ்டனில் அந்தச் சங்கத்தார் ஒரு பராமரிப்பு நிலையம் ஏற்படுத்தினார்கள். அங்கே கட்டிலும் அறையும் தருவது இல்லை. அவரவர் வண்டியிலேயே இருக்கலாம். பக்கத்துக் கட்டிடத்தில் சாப்பாடு போடுகிறார்கள். டாக்டரிடம் அழைத்துப் போக ஆள் இருக்கிறது. மற்ற உறுப்பினர்கள் வந்து உதவி செய்கிறார்கள். பேட்டைக்குப் புது வண்டி வந்தால், எந்தெந்த ஊர் வழியாக வந்தது என்று விசாரிப்பதில் அந்தத் தாத்தா-பாட்டிகளுக்கு ஆசை அதிகம்.

குவார்ட்சைட்டில் ஏப்ரல் மாதம் பிறந்ததும் வெயில் ஏறும். சோலார் தகடுகளை மடிப்பார்கள். சுவர்களை உள்ளே இழுப்பார்கள். பக்கத்து வண்டிக்காரர்களைக் கட்டித் தழுவி விடைபெறுவார்கள். பனிக்காலம் வந்தால் பல பேர் பழைய இடத்துக்கே திரும்பி வருவார்கள். வந்ததும் முதல் வேலையாக, போன வருஷம் பக்கத்தில் இருந்த வண்டி வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள்.