மீட்டரில் மஞ்சள் லைட்... முறுக்கினாலும் பைக் இழுக்கலையா? காரணம் என்ன, உடனே செய்ய வேண்டியது என்ன?

ஆடி கடைசி வெள்ளி வந்துவிட்டால் சாத்தூரில் இருந்து இருக்கன்குடி போகும் சாலை முழுக்கக் கூட்டம்தான். அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு நடந்து வருபவர்கள் ஒருபக்கம், குடும்பத்தோடு பைக்கில் வருபவர்கள் இன்னொரு பக்கம்.

இந்த நேரத்தில் மீட்டரில் மஞ்சளாக இன்ஜின் படம் எரிந்து, எவ்வளவு முறுக்கினாலும் வண்டி இழுக்காமல் போனால்? ஊர்ந்து போகும் கூட்டத்தில் அது வெறும் சிரமம். அதுவே மதுரை - கன்னியாகுமரி நான்கு வழிச்சாலையில், பின்னால் லாரி வரும்போது நடந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் இந்த லைட் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக் கொள்வது நல்லது.

கேபிள் போய் வயர் வந்தது எப்படி?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதி அமலுக்கு வந்தது. அதன்பிறகு வந்த பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இன்ஜினில் கோளாறு என்றால் எச்சரிக்கும் மஞ்சள் லைட்டும் வழக்கமாகிவிட்டது.

இப்போதும் பல பைக்குகளில் ஆக்சிலரேட்டருக்குக் கேபிள்தான். ஆனால் கேடிஎம் 390 டியூக், ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 போன்ற வண்டிகளில் கேபிளே இல்லை. 2025-ல் வந்த ஹீரோ கிளாமர் எக்ஸ் 125 மூலம் இந்த வசதி 125 சிசி வரை இறங்கிவிட்டது. இதற்கு 'ரைடு பை வயர்' என்று பெயர்.

கைப்பிடியை முறுக்கினால், எவ்வளவு முறுக்கினோம் என்பதை ஒரு சென்சார் அளந்து, 'இசியு' எனப்படும் சின்ன கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அந்த கம்ப்யூட்டர் உத்தரவு போட்டதும் ஒரு குட்டி மோட்டார், இன்ஜினுக்குக் காற்று போகும் வால்வைத் திறக்கும்.

வண்டி ஏன் திடீரென இழுக்காமல் போகிறது?

பாதுகாப்புக்காக கைப்பிடியின் நிலையை இரண்டு சிக்னல்கள் சொல்லும். காற்று வால்வு பக்கமும் அப்படித்தான். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று இசியு ஓயாமல் சரிபார்க்கும். ஒன்று 'பாதி முறுக்கு' என்றும், மற்றொன்று 'முறுக்கவே இல்லை' என்றும் சொன்னால், எதை நம்புவது?

வண்டி தானாகப் பாய்ந்துவிடக் கூடாது என்பதால், இசியு வேகத்தை அடக்கிவிடும். இதைத்தான் 'லிம்ப் மோட்' என்கிறார்கள். நொண்டியடித்தாவது ஒர்க் ஷாப் போய்ச் சேர வைக்கும் ஏற்பாடு இது. பார்க்க இன்ஜினே போய்விட்டது போல இருக்கும். பல நேரங்களில் காரணம் ஒரு வயரோ, கனெக்டரோதான்.

எந்த லைட் எரிந்தால் என்ன அர்த்தம்?

● மஞ்சள் இன்ஜின் லைட்: சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தால் பிரச்சினை இல்லை. ஓடும்போதும் எரிந்தால், மெதுவாக ஓட்டி மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

● சிவப்பு ஆயில் லைட்: ஸ்டார்ட் ஆன பிறகும் எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டினால் இன்ஜின் சீஸ் ஆகலாம்.

● வெப்பநிலை லைட்: கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது வரலாம். ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

● ஏபிஎஸ் லைட்: வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால், பிரேக் பிடிக்கும். ஆனால் சக்கரம் லாக் ஆகாமல் காக்கும் வசதி வேலை செய்யாது.

வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

முதலில் இண்டிகேட்டர் போட்டு, சாலையை விட்டு முழுவதுமாக ஓரம்கட்ட வேண்டும். குடும்பத்தினரை இறக்கி, சாலையில் இருந்து தள்ளி நிற்க வைக்க வேண்டும். பிறகு:

1. கில் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு இரண்டையும் பாருங்கள். இந்த ஸ்விட்சுகள் மாட்டிக்கொண்டாலும் வண்டி ஓடாது.

2. சாவியை ஆஃப் செய்து, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் போடுங்கள். லைட் அணைந்துவிட்டாலும் கோளாறு சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நான்கு வழிச்சாலையைத் தவிர்த்து மெதுவாகப் போக வேண்டும்.

3. பேட்டரி டெர்மினல் லூசாக இருக்கிறதா என்று பாருங்கள். நின்ற நிலையில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் வர வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் நல்ல சென்சார்கூடத் தப்பான கணக்குச் சொல்லும்.

4. சமீபத்தில் வாட்டர் வாஷ் செய்தீர்களா, கூடுதல் ஹாரனோ எல்இடி லைட்டோ மாட்டினீர்களா, எலி வயரைக் கடித்ததா? இதை மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

மெக்கானிக் சொல்லும் 'கோட்' என்ன?

கோளாறு எதுவென்று இசியு ஓர் எண்ணாகப் பதிந்து வைக்கும். ஸ்கேனர் மாட்டினால் அது தெரியும். சில வண்டிகளில் அந்த லைட்டே விட்டுவிட்டு எரிந்து எண்ணைச் சொல்லும்.

பொதுவான பட்டியலில் 'பி 0122' என்றால் த்ராட்டில் சென்சாரின் சிக்னல் அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டது. 'பி 2135' என்றால் த்ராட்டிலின் இரண்டு சிக்னல்கள் ஒத்துப்போகவில்லை. 'பி 2138' கைப்பிடிப் பக்கத்துச் சிக்னல்களைக் குறிக்கும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கோட் காட்டுவது கோளாறு தெரிந்த இடத்தை மட்டும்தான். சென்சார் கெட்டாலும் 'பி 0122' வரும்; வயர் அறுந்தாலும் வரும்; கனெக்டரில் தண்ணீர் போனாலும் வரும். 'முழு த்ராட்டில் பாடியையும் மாத்தணும்' என்று சொன்னால், வயரிங்கையும் வோல்டேஜையும் பார்த்தாச்சா என்று கேளுங்கள். மெதுவாக முறுக்கும்போது சிக்னல் வோல்டேஜ் சீராக ஏற வேண்டும். நடுவில் குதித்தாலோ, வயரை அசைக்கும்போது மாறினாலோ கோளாறு எங்கே என்று பிடிபட்டுவிடும்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

காற்று வால்வை விரலால் அழுத்தித் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பல்சக்கரம் பழுதாகலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டி லைட்டை அணைத்துவிட்டு, சரியாகிவிட்டது என நினைக்கவும் கூடாது.

சிவகாசி, சாத்தூர் பகுதி பட்டாசு ஆலைகளுக்கு பைக்கில் போகும் தொழிலாளர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஆலை வளாகத்துக்குள்ளேயே வயரைக் கோத்துப் பார்ப்பதோ, வேறு பேட்டரியில் இருந்து கரண்ட் எடுப்பதோ வேண்டவே வேண்டாம். ஒரு சின்ன தீப்பொறி போதும். வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்த பிறகே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். அன்றைய கூலியில் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை, உயிர் முக்கியம்.