வலைப்பூவில் வரும் விளம்பரக் காசு

வலைப்பூ எழுதுகிறவருக்கு முக்கியமாக இரண்டு வழிகளில் காசு வருகிறது. பக்கத்தில் இடம் ஒதுக்கி அதில் பிறர் விளம்பரத்தைக் காட்டவிடுவது ஒரு வழி. ஒரு நிறுவனத்திடம் பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு அதன் சரக்கைப் பற்றி எழுதுவது இன்னொரு வழி. முதலாவதில் விலைபோவது வெறும் இடம். இரண்டாவதில் எழுதுகிறவரின் பேரும் சேர்ந்து விலைபோகிறது. அதனால்தான் சட்டம் இரண்டாவதை அதிகக் கவனத்தோடு பார்க்கிறது.

கூகுள் தன் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவையைத் தொடங்கியது 2003-இல். பிளாக்கர் தளத்தை அது விலைக்கு வாங்கியதும் அதே ஆண்டுதான். 2004-இல் அமித் அகர்வால் என்ற பொறியாளர் வேலையை விட்டுவிட்டு, ஆக்ராவிலிருந்து தொழில்நுட்பம் பற்றி ஆங்கிலத்தில் எழுதியே பிழைக்கத் தொடங்கினார். இந்தியாவின் முதல் முழுநேர வலைப்பதிவர் என்று அவரைச் சொல்கிறார்கள். தமிழ் வலைப்பூக்கள் பெருகிய காலமும் அதுவே. அவற்றை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் 2004-இல் வந்தது. ஆனால் எழுத்து பெருகிய அளவுக்குக் காசு வரவில்லை. ஆட்சென்ஸ் ஏற்கும் மொழிகளில் இந்தி 2014-இலும், வங்காளம் 2017-இலும், தமிழ் 2018-இலும்தான் சேர்ந்தன. அதற்குள் முதல் தலைமுறைப் பதிவர்களில் பலர் ஃபேஸ்புக் பக்கம் போய்விட்டார்கள். ராக்ஸ் கிச்சன், பதுஸ் கிச்சன் போன்ற தளங்கள் நம் வீட்டுக் குழம்பையும் கூட்டையும் ஆங்கிலத்தில் எழுதி வளர்ந்ததும் இந்த இடைவெளியில்தான். தமிழுக்கு அந்தப் பதினைந்து ஆண்டுகள் உண்மையான இழப்பு.

ஒரு பக்கத்தை ஒருவர் திறந்ததும் அதிலுள்ள விளம்பர இடம் ஏலத்துக்குப் போகிறது. பக்கம் எதைப் பற்றியது, படிப்பவர் எந்த ஊரில் இருக்கிறார், அண்மையில் எதைத் தேடினார் என்பதையெல்லாம் பார்த்து விளம்பரதாரர்களின் கணினிகள் விலை கேட்கின்றன. கண் சிமிட்டும் நேரத்தில் ஏலம் முடிந்து, அதிக விலை கேட்டவரின் விளம்பரம் திரையில் வருகிறது. முன்பெல்லாம் யாராவது விளம்பரத்தைத் தொட்டால்தான் பெரும்பாலும் காசு. 2024 முதல் ஆட்சென்ஸ், விளம்பரம் கண்ணில் பட்ட கணக்குக்கே பணம் தருகிறது. விளம்பரதாரர் செலவிடும் தொகையில் பதிவருக்குச் சேர்வது ஏறத்தாழ 68 விழுக்காடு.

ஏலத்தின் விலை ஒரே மாதிரி இருப்பதில்லை. கடன், காப்பீடு, கல்லூரிச் சேர்க்கை பற்றிய பக்கங்களுக்கு அதிகம் கிடைக்கும். பொன்மொழிக்கும் சினிமாச் செய்திக்கும் குறைவு. அதே கட்டுரையை அரூரில் ஒருவர் படித்தால் சில காசுகள்தான். டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ ஒரு தமிழர் படித்தால் பல மடங்கு. உதாரணத்துக்கு, ஆயிரம் முறை பார்க்கப்பட்டால் ஐம்பது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு டாலர் சேர்ந்தால்தான் ஆட்சென்ஸ் பணத்தை அனுப்பும். அது எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். இந்த விலையில் அந்தத் தொகை சேர ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பார்வைகள் வேண்டும். மாதம் ஐந்தாயிரம் பார்வைகள் பெறும் தளத்துக்கு இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். விளம்பரத்தை மட்டும் நம்பி வேலையை விடலாம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைக் காட்டுவதில்லை.

ஆகவே எதைப் பற்றி எழுதுவது என்பதே முதல் கேள்வி. தருமபுரி மாவட்டத்தில் இருப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஒகேனக்கல்லையே எடுத்துக்கொள்ளலாம். கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் நீர்வரத்தை அளக்கிறார்கள்; வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் தடை போடுகிறது. பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் கிளம்பும் குடும்பத்துக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இன்றைக்குப் பரிசல் ஓடுகிறதா? ஆடிப்பெருக்கு நெருங்கினால் இந்தக் கேள்வி இன்னும் கூடும். நீர்வரத்து, தடை, பேருந்து நேரம், மீன் சமைத்துத் தருகிறவர்கள் கேட்கும் கூலி என்று அன்றன்றைக்கு எழுதும் ஒரு தளத்தை மக்கள் தேடி வருவார்கள். தங்கும் விடுதி, வாடகைக் கார் விளம்பரங்களும் அங்கே வரும். பாலக்கோட்டுத் தக்காளி விலை, தருமபுரி பட்டுக்கூடு அங்காடியின் அன்றாட விலை, மாங்காய்ப் பருவத்தில் மரத்துக்கு மருந்தடிக்கும் காலம் எல்லாம் இப்படிப்பட்டவையே. பல இடங்களில் கிடைப்பதை மறுபடி எழுதுகிற தளங்களுக்கு இப்போது இன்னொரு நெருக்கடியும் உண்டு. தேடல் பக்கத்திலேயே செயற்கை நுண்ணறிவு விடையைச் சுருக்கித் தரும் வசதியை கூகுள் 2024-இல் இந்தியாவிலும் கொண்டுவந்தது. பொதுவான தகவலுக்காகத் தளத்துக்குள் வருகிறவர்கள் இதனால் குறைவார்கள். ஊரில் நின்று பார்த்து எழுதிய செய்திக்கு அந்த ஆபத்து சற்றுக் குறைவு.

நடைமுறையில் இடறும் இடங்கள் சில உண்டு. பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க கூகுள் சாதாரணத் தபாலில் ஒரு ரகசிய எண் அனுப்பும். கிராமத்து முகவரியில் கதவு எண்ணும் அஞ்சல் நிலையமும் பின்கோடும் சரியாக இல்லாவிட்டால் அது வந்து சேராது; நான்கு மாதத்துக்குள் எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரங்கள் நின்றுவிடும். தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பணம் வெளிநாட்டிலிருந்து வருவதால் வங்கிக் கிளையின் ஸ்விஃப்ட் குறியீடு கேட்பார்கள். சிறிய கிளைகளுக்குப் பெரும்பாலும் அது இருக்காது. வங்கியின் பெரிய கிளையொன்றின் குறியீட்டைக் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். சொந்தப் பக்கத்து விளம்பரத்தைத் தானே தொடுவதோ, உறவினர்களை விட்டுத் தொடச்சொல்வதோ கூடவே கூடாது. ஆசையாய் உதவ வந்த மாமாவும் மச்சானும் தொட்டதால்கூடக் கணக்கு மூடப்படலாம். மூடினால் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

சிறிய தளங்களுக்கு நேரடி விளம்பரமும், காசு வாங்கி எழுதும் ஆதரவுக் கட்டுரையுமே கூடுதல் பலன் தரும். வாசகர் மூவாயிரம் பேர்தான் என்றாலும், அவர்கள் பென்னாகரம், காரிமங்கலம் பக்கத்து விவசாயிகள் என்றால் சொட்டுநீர்க் கருவி விற்பவருக்கும் நாற்றுப் பண்ணைக்காரருக்கும் அந்த மூவாயிரம் பேர் பெரிய சந்தை. நடுவில் ஆள் இல்லாததால் தொகை முழுவதும் எழுதுகிறவருக்கே வரும். சிற்றிதழ்கள் பின்னட்டையில் உள்ளூர் ஜவுளிக்கடை விளம்பரம் போட்டு அச்சுக்கூலியைச் சமாளித்த வழி இதுதான்.

காசு வாங்கி எழுதினால் அதைச் சொல்ல வேண்டும். கோயிலில் டியூப் லைட் வாங்கிக் கொடுத்தவர் பெயரை அந்த விளக்கின் மேலேயே ‘உபயம்’ என்று எழுதிவைப்பார்கள். யார் கொடுத்தது என்று யாருக்கும் சந்தேகம் வராது. விளம்பரத் தர நிர்ணய மன்றமான ஆஸ்கி 2021-இல் வெளியிட்ட நெறிமுறையும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வெளிப்படைத்தன்மையைத்தான் கேட்கின்றன. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், ஓசியில் தங்கிய அறை, பயணச்செலவு எல்லாமே இதில் அடக்கம். கட்டுரை தமிழில் இருந்தால் அறிவிப்பும் தமிழில் இருக்க வேண்டும். அடியில் பொடி எழுத்தில் ஒளித்துவைக்கக் கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். பொருளைப் பரிந்துரைத்தவருக்கு ஓராண்டு வரை, தொடர்ந்தால் மூன்றாண்டு வரை விளம்பரத் தடையும் வரலாம்.

அறிவித்தாலும் ஏற்கக் கூடாத விளம்பரங்கள் இருக்கின்றன. சில ஆண்டுகள் தமிழ்ப் பக்கங்களைத் தேடித் தேடிக் காசு கொடுத்தவை ஆன்லைன் ரம்மி நிறுவனங்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடைசெய்துவிட்டது. அவற்றை விளம்பரப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறையும் 50 லட்சம் வரை அபராதமும் உண்டு. சர்க்கரை நோயை அடியோடு தீர்க்கும் சூரணம் என்பது போன்ற விளம்பரங்களுக்கு 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய சிகிச்சைச் சட்டமே குறுக்கே நிற்கிறது. ஏக்கருக்கு இரட்டை மகசூல் தரும் விதை என்று வருகிறவர்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மானாவாரி நிலத்தில் ஒரு போகம் போனால் ஒரு வருடம் போயிற்று. பணம் வாங்கி எழுதிய பரிந்துரையை நம்பி ஒரு விவசாயி அதை இழக்கக் கூடாது. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதலாம்.

வேறொரு வகை வாய்ப்பு மின்னஞ்சலில் வரும்: பழைய கட்டுரையில் எங்கள் தளத்துக்கு ஓர் இணைப்பு மட்டும் போடுங்கள், பணம் தருகிறோம் என்பார்கள். தேடலில் தங்களை மேலே ஏற்றிக்கொள்ளும் தந்திரம் இது. காசு வாங்கிய இணைப்புக்கு ‘ஸ்பான்சர்டு’ என்ற குறியை நிரலில் சேர்க்க வேண்டும் என்று கூகுள் 2019 முதல் சொல்கிறது. மறைத்துப் போட்டது தெரிந்தால் தளத்தையே தேடலில் கீழே தள்ளிவிடும்.

இந்த வரவு முழுவதற்கும் வருமானவரிக் கணக்கு காட்ட வேண்டும். ஒரு நிறுவனம் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளையோ சலுகையையோ பதிவருக்குக் கொடுத்தால் அதற்கு 10 விழுக்காடு வரி பிடித்தம் செய்யும் விதி 2022 ஜூலை முதல் இருக்கிறது. பார்த்து எழுதக் கொடுத்த செல்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இது பொருந்தாது, வைத்துக்கொண்டால் வருமானம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் விளம்பரப் பணம் சேவை ஏற்றுமதியாகக் கருதப்படுவதால், உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரியில்லாமல் பெறலாம். வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான வங்கிச் சான்றுகளையும், உள்ளூர்க் கடைக்குக் கொடுத்த ரசீதுகளையும் முதல் மாதத்திலிருந்தே தேதிவாரியாக வைத்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்யும்போது தேடி அலைய வேண்டியதில்லை.