தாயார் வீடு திரும்புவாரா? மறுவாழ்வு இல்லத்தை எடைபோடுவது எப்படி?

சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 2030ஆம் ஆண்டுவாக்கில் 65 வயதைக் கடந்திருப்பார் என்று கணிக்கப்பட்டுள்ளது. முதுமையில் வரும் ஒரு சோதனையைப் பல குடும்பங்கள் எதிர்பாராத நேரத்தில் சந்திக்கின்றன. குளியலறையில் வழுக்கி விழுந்த தாயாருக்கு இடுப்பெலும்பு முறிகிறது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிகிறது. சில நாள்கள் கழித்து மருத்துவர் வந்து, "இவர் இனி இங்கே இருக்கத் தேவையில்லை. ஆனால் உடனே வீட்டுக்குப் போகவும் முடியாது" என்கிறார்.

அன்று மாலையே பிள்ளைகளிடையே பேச்சு தொடங்குகிறது. மூத்தவர் தாதிமை இல்லம் என்கிறார். மகள் பணிப்பெண் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். தெரிந்தவர் ஒருவர், "அந்த இல்லம் பார்ப்பதற்கு ஹோட்டல் மாதிரி இருக்கும்" என்று ஒரு பெயரைச் சொல்கிறார். சில நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியில், கட்டணத்தையும் தூரத்தையும் மட்டும் பார்த்துவிட்டுப் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

அதற்கு முன்பு குடும்பம் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தாயார் அங்கே போவது மீண்டும் வீடு திரும்புவதற்கா? அல்லது இனி அங்கேயே தங்குவதற்கா? இதற்குப் பதில் தெரியாமல் எந்த இல்லத்தையும் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

இரண்டும் ஒன்றல்ல

சமூக மருத்துவமனையும் தாதிமை இல்லமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் படுக்கைகள் இருக்கும், தாதியர் இருப்பார்கள். ஆனால் அவற்றின் நோக்கம் வேறு.

பொது மருத்துவமனையிலிருந்து வெளியேறும் நோயாளி உடல் தேறி வீடு திரும்ப உதவுவதே சமூக மருத்துவமனையின் வேலை. செயிண்ட் லூக்ஸ், செயிண்ட் ஆண்ட்ரூஸ், ஈசூன், ஜூரோங், செங்காங் சமூக மருத்துவமனைகள் இத்தகையவை. மருத்துவர், தாதி, இயன்முறைச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோர் சேர்ந்து செயல்படுவர். பொதுவாகச் சில வாரங்கள் அங்கே தங்கவேண்டி இருக்கும்.

தாதிமை இல்லமோ, அன்றாடம் தாதியர் கவனிப்பு தேவைப்பட்டும் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத முதியோருக்கானது. பராமரிப்பாளருக்குச் சற்று ஓய்வு கிடைப்பதற்காகச் சில இல்லங்கள் முதியோரைக் குறுகிய காலத்திற்கும் ஏற்றுக்கொள்கின்றன. அங்கேயும் உடற்பயிற்சி உண்டு. ஆனால் சமூக மருத்துவமனையில் கிடைக்கும் அளவுக்குக் கிடைக்கும் என்று எண்ணிவிடக்கூடாது.

2023 டிசம்பர் முதல் இவ்விரண்டும் சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ் சுகாதார அமைச்சின் உரிமம் பெற்று நடக்கின்றன. உரிமம், ஓர் இல்லம் குறைந்தபட்ச விதிகளுக்கு உட்பட்டது என்பதைச் சொல்லும். பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் தாயார் அங்கே என்ன செய்துகொண்டிருப்பார் என்பதைச் சொல்லாது. அதைக் குடும்பம்தான் கேட்டு அறிய வேண்டும்.

கடந்துபோகும் வாரங்கள்

படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரின் தசைகள் விரைவாக வலுவிழக்கும். பக்கவாதம் வந்தவர்களுக்கு முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் பெரும்பாலும் வேகமாக இருக்கும். பின்னரும் முன்னேற்றம் வரலாம், ஆனால் மெதுவாகத்தான் வரும். ஆகவே, பொருந்தாத இடத்தில் கழியும் ஆறு வாரங்களில் குடும்பம் இழப்பது கட்டணத்தை மட்டுமல்ல.

"இப்போதைக்கு அங்கே இருக்கட்டும்" என்று சேர்க்கப்படும் முதியவர் நாளடைவில் நடப்பதை விட்டுவிடுகிறார். நடக்காதவரைத் தூக்கி உட்கார வைக்கப் பணிப்பெண் ஒருவரால் முடியாது. வீட்டுக்கு அழைத்துவரக் குடும்பம் அஞ்சுகிறது. இப்படியே ஓராண்டு ஓடிவிடுகிறது. தாயார் இனி இல்லத்தில்தான் இருப்பார் என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்க மாட்டார்கள். அவரையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த நிலை வராமல் தடுப்பதற்காகவே சேர்ப்பதற்கு முன்பே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

எத்தனை முறை? எவ்வளவு நேரம்?

"உடற்பயிற்சி உண்டா?" என்று கேட்டால் எல்லா இடத்திலும் "உண்டு" என்றுதான் பதில் வரும். வாரத்திற்கு எத்தனை நாள்? ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம்? தனியாகவா, குழுவாகவா? சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் யார் நடக்க வைப்பார்கள்? இப்படிக் கேட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

அடுத்து, இலக்கு என்ன என்று கேட்க வேண்டும். "நன்றாகத் தேறிவிடுவார்" என்பது இலக்கு ஆகாது. "மூன்று வாரத்தில் ஊன்றுசட்டத்தைப் பிடித்துக்கொண்டு கழிவறைவரை நடப்பார்" என்பது இலக்கு. பல மருத்துவமனைகள் இதற்குப் பார்த்தெல் குறியீட்டைப் பயன்படுத்துகின்றன. 1965ல் வெளியிடப்பட்ட இந்த அளவுகோல், உண்பது, குளிப்பது, உடுத்துவது, நடப்பது போன்ற பத்து அன்றாடச் செயல்களுக்கு மொத்தம் 100 வரை மதிப்பெண் கொடுக்கிறது. சேர்ந்த அன்று எவ்வளவு, இரண்டு வாரம் கழித்து எவ்வளவு என்று கேட்டால், முன்னேற்றம் இருக்கிறதா என்பது குடும்பத்திற்குத் தெரிந்துவிடும்.

செய்து கொடுப்பதும் செய்ய வைப்பதும்

நம் குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். தாதி ஊட்டிவிடுகிறார், உடுத்திவிடுகிறார், சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார். பார்க்க வருபவர்களுக்கு மனம் குளிர்கிறது. ஆனால் வீடு திரும்ப வேண்டிய ஒருவருக்கு எல்லாவற்றையும் பிறரே செய்து கொடுத்தால், அவரிடம் எஞ்சியிருக்கும் ஆற்றலும் குறைந்துபோகும்.

பொத்தான் போட ஐந்து நிமிடம் ஆனாலும் பொறுமையாக அருகில் நின்று அவரையே போட வைக்கும் ஊழியர், அன்பு குறைந்தவர் அல்லர். தம் வேலையைச் சரியாகச் செய்பவர் அவர்தான்.

இதைக் கண்டறிய ஒரே கேள்வி போதும். கழிவறைக்குப் போக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அழைத்துச் செல்வார்களா, அணையாடையிலேயே போகச் சொல்வார்களா? பகலில் எப்படி, இரவில் எப்படி? ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் அணையாடைதான் எளிய வழி. ஆனால் கழிவறைக்குப் போகும் பழக்கத்தை இழந்த முதியவரை வீட்டில் வைத்துப் பராமரிப்பது பல மடங்கு கடினம்.

இரண்டு முறை போய்ப் பாருங்கள்

ஒருமுறை அலுவலக நேரத்தில் போய் விவரங்களைக் கேட்டறியலாம். இன்னொரு முறை, பார்வையாளர் நேரத்திற்குள், சாப்பாட்டு வேளையிலோ வார இறுதியிலோ போக வேண்டும். நடுப்பகலில் எத்தனை பேர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள்? எத்தனை பேர் படுக்கையிலேயே இருக்கிறார்கள்? அழைப்பு மணி ஒலித்தால் யாராவது வருகிறார்களா? தண்ணீர்க் குவளை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் அவரவர் அணிந்திருக்கிறார்களா, அலமாரியில் கிடக்கின்றனவா? நாற்காலியில் கட்டி வைக்கப்பட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா?

ஒருவர் விழுந்துவிட்டால் குடும்பத்திற்கு எப்போது தகவல் சொல்வார்கள், படுக்கைப் புண் வராமல் இருக்க என்ன செய்கிறார்கள், இரவில் எத்தனை பேர் பணியில் இருப்பார்கள் என்றும் தயங்காமல் கேட்கலாம். எந்த இடத்திலும் முதியவர் விழக்கூடும். "இங்கே யாரும் விழுந்ததே இல்லை" என்று சொல்லும் இல்லத்தைவிட, விழுந்தால் என்ன செய்வோம் என்று விளக்கும் இல்லத்தை நம்பலாம்.

தமிழ் மட்டுமே தெரிந்தவர் என்றால்

"வலது காலை முன்னே வையுங்கள்" என்று சிகிச்சையாளர் ஆங்கிலத்திலோ மாண்டரினிலோ சொன்னால், தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டி விழிப்பார். 'ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பில் எழுதப்பட்டுவிடக்கூடும். தமிழ் பேசும் ஊழியர் யார், எந்த வேளையில் இருப்பார் என்று கேட்க வேண்டும். வலி, தண்ணீர், கழிவறை, தலைச்சுற்றல் போன்ற பத்துப் பதினைந்து சொற்களை, ஊழியர்கள் படிக்கும் விதத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவைப்பது நல்லது. ஸ்ரீ நாராயண மிஷன் போன்று இந்தியச் சமூகத்தினர் தொடங்கி, எல்லா இனத்தவருக்கும் சேவையாற்றும் தாதிமை இல்லமும் இங்கே உண்டு.

சைவ உணவா, மாட்டிறைச்சி கூடாதா என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். பயிற்சிக்கான இலக்குகளிலும் தாயாரின் வாழ்க்கை தெரிய வேண்டும். கையால் சோறு பிசைந்து உண்பது, சேலை கட்டுவது, விளக்கேற்றக் குனிவது ஆகியவை அவருக்கு முக்கியமானால், தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் சொல்லலாம். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

பணம் எங்கிருந்து வரும்?

இங்கேயும் இரண்டு இடங்களுக்கும் வேறுபாடு உண்டு. பொது மருத்துவமனையின் பரிந்துரையோடு சமூக மருத்துவமனையில் தங்கும்போது, வரம்புகளுக்கு உட்பட்டு மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் இரண்டையும் பயன்படுத்தலாம். தாதிமை இல்லத்தின் மாதாந்தரக் கட்டணத்தை மெடிஷீல்டு லைஃப் ஏற்பதில்லை. குடும்ப உறுப்பினர்களின் சராசரி வருமானத்தைப் பொறுத்து அரசாங்க உதவித்தொகை கிடைக்கும். அணையாடை, மருத்துவருடனான வெளிச் சந்திப்பு, அதற்கான போக்குவரத்து, சிறப்புப் பால்மாவு ஆகியவை கட்டணத்தில் அடங்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2002ல் தொடங்கப்பட்ட எல்டர்ஷீல்டு காப்புறுதியில் தாயாரோ தந்தையோ இருந்ததையே பல பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். திட்டத்தைப் பொறுத்து மாதம் 300 வெள்ளி ஐந்தாண்டு வரை, அல்லது 400 வெள்ளி ஆறாண்டு வரை அதிலிருந்து பெறலாம். 2020ல் வந்த கேர்ஷீல்டு லைஃப் திட்டத்தில் இருப்பவர்களுக்கு, கடுமையான உடற்குறை நீடிக்கும்வரை மாதந்தோறும் தொகை கிடைக்கும். குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறைக்குச் செல்வது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றைப் பிறர் உதவியின்றிச் செய்ய இயலாதவர்கள் விண்ணப்பிக்கலாம்.

வீடும் தயாராக வேண்டும்

தாயார் தேறிவரும் வாரங்களில் வீட்டிலும் வேலை நடக்க வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் 'ஈஸ்' திட்டத்தின்கீழ், தகுதிபெறும் வீடுகளில் சலுகைக் கட்டணத்தில் கைப்பிடிகளும் சாய்தளமும் பொருத்தி, குளியலறைத் தரை வழுக்காமலும் செய்து தருகிறார்கள். குளியலறை வாசலின் அகலம், படியின் உயரம், கட்டிலின் உயரம் ஆகியவற்றை அளந்து, படம் எடுத்துச் சிகிச்சையாளரிடம் காட்டலாம். பார்த்துக்கொள்ளப் போகிறவர், மகளோ மருமகளோ பணிப்பெண்ணோ, தூக்குவதற்கும் குளிப்பாட்டுவதற்கும் முன்கூட்டியே நேரில் பயிற்சி பெற வேண்டும். அந்தப் பயிற்சியை அளிக்கிறார்களா, எப்போது தொடங்குகிறார்கள் என்பதும் ஓர் இல்லத்தை எடைபோடும் கேள்விதான். சேர்ந்த வாரத்திலேயே வீடு திரும்பும் நாளைப் பற்றிப் பேசுகிற இடம் நல்ல இடம்.

திரும்ப முடியாவிட்டால்

எல்லாரும் வீடு திரும்புவதில்லை. மறதி நோய் முற்றியவர், இரவு முழுதும் தாதியர் கவனிப்பு தேவைப்படுபவர், தனியாக வாழும் வயதான தம்பதியரில் ஒருவர் ஆகியோருக்குத் தாதிமை இல்லமே பாதுகாப்பான இடமாக அமையலாம். அப்படி முடிவெடுப்பதால் பிள்ளைகள் கடமை தவறியவர்கள் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் அது பேசி எடுத்த முடிவாக இருக்க வேண்டும். மனத்தெளிவு இருக்கும்போதே பெற்றோர் நீண்டகால அதிகாரப் பத்திரம் செய்து வைத்தால், பின்னர் யார் முடிவெடுப்பது என்ற சண்டை குறையும்.

மருத்துவர் சொல்லும் தேதிக்குக் காத்திராமல், அறுவை சிகிச்சை முடிந்த உடனே மருத்துவச் சமூக ஊழியரைச் சந்திப்பது நல்லது. சமூக மருத்துவமனைக்கும் தாதிமை இல்லத்திற்கும் அவர்கள் வழியாகவே விண்ணப்பிக்கலாம். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பும் ஆலோசனை தரும். அந்தப் பேச்சில் தாயாரையும் உட்கார வைத்து, "அம்மா, உங்களுக்கு மறுபடியும் எதைச் செய்ய வேண்டும்?" என்று முதலில் அவரைக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கையில் எடுத்துக்கொண்டு இல்லங்களைப் பார்க்கப் புறப்படுங்கள்.