ஜெராய் மலைக்கும் மூத்த மலைகள்

பீடோங், குருண், யான் வட்டாரத்து நம்மவர்களுக்கு ஜெராய் மலையைத் தெரியாமல் இருக்காது. உயரம் 1,217 மீட்டர். வங்கக் கடலைக் கடந்து கடாரத்துக்கு வந்த கப்பல்களுக்கு இதுதான் அடையாளம். பால்மரக் காட்டிலிருந்து நிமிர்ந்தால் தெரிந்ததும் இதே மலைதான். இது எந்தக் கல்லால் ஆனது என்று கேட்டால் பலரும் கருங்கல் என்பார்கள். அது பாதிதான் சரி.

கருங்கல், பூமிக்கடியில் உருகிய குழம்பு மெல்ல ஆறி இறுகியது. மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டியில் நாம் பார்ப்பது இந்த வகைக் கல். ஆனால் ஜெராயின் உச்சியில் இருப்பது குவார்ட்சைட். அது ஒரு காலத்தில் வெறும் மணல். ஏறத்தாழ 500 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் படிந்து, புதைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் கெட்டிப்பட்டது.

மணல் இருந்தால், அதற்கு முன்பே எங்கோ ஒரு மலை தேய்ந்திருக்க வேண்டும். அது எந்த மலை?

இதற்குச் சாட்சி சொல்வது சிர்கான் என்ற தாது. நகைக்கடையில் இதே போன்ற பெயரில் விற்கும் பளபளப்புக் கல் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் செய்தது, அது வேறு. இயற்கைச் சிர்கான் நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஈயச் சுரங்கக் கழிவான அமாங்கிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள்தான். மணலில் இருப்பது பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணி. மலை கரைந்தாலும், ஆறு உருட்டினாலும் எளிதில் அழியாது.

சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தைச் சிறிது உள்ளே ஏற்கும்; ஈயத்தை ஏறக்குறைய முழுவதும் ஒதுக்கிவிடும். பிறகு யுரேனியம் சிதைந்து ஈயமாகிறது. அதன் ஒரு வகை பாதியாகக் குறைய 4,470 மில்லியன் ஆண்டு பிடிக்கும். ஆகவே உள்ளே மீந்திருக்கும் யுரேனியத்தோடு ஒப்பிட எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் மணியின் வயது வந்துவிடும். கல்லை நொறுக்கி, டூலாங்கில் ஈயம் அரிப்பதைப் போலக் கனமானதைப் பிரித்து, நூறு மணிகளுக்குக் குறையாமல் லேசர் கொண்டு சோதிப்பார்கள். ஒரு கருங்கல்லின் மணிகள் பெரும்பாலும் ஒரே வயதைக் காட்டும். மணற்கல்லிலோ ஊர்த் திருவிழாக் கூட்டம் போலப் பல வயது கலந்திருக்கும். எந்த வயதில் கூட்டம் அதிகமோ, அந்தக் காலத்து மலையிலிருந்து அதிக மணல் வந்திருக்கிறது.

அப்போது கெடா இருந்த நிலத்துண்டு இங்கே இல்லை. இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டியிருந்த கோண்ட்வானா பெருநிலத்தின் ஓரத்தில் இருந்தது. தரையில் மரம் செடி கிடையாது; மழை நீர் மலையைத் தடையின்றி அரித்து மணலை வெகுதூரம் கொண்டுபோனது. ஏறத்தாழ 1,170 மில்லியன் ஆண்டு மணிகள் மிகுந்திருந்தால் மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் அன்று எழுந்த மலைகளைச் சந்தேகிப்பார்கள். ஏறத்தாழ 950 மில்லியன் என்றால் இந்தியப் பக்கம். ஆந்திர, ஒடிசா கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி உருவான காலம் அது. லங்காவிக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் உள்ள தாருத்தாவ் தீவின் மணற்கல்லும் ஜெராயின் மணற்பாறை போலவே கேம்பிரியன் காலத்துப் படிவு. 2014இல் வெளியான ஓர் ஆய்வு அதன் மணிகளை மேற்கு ஆஸ்திரேலியாவோடு பொருத்திக் காட்டியது. இந்தியப் பக்கம் சாய்பவர்களும் உண்டு, வாதம் ஓயவில்லை.

இந்தியா என்றதும் சிலர் குமரிக்கண்டத்துக்குத் தாவிவிடுவார்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். இந்த மணல் படிந்தபோது மீனே அரிது. மனிதன் எங்கே, மொழி எங்கே?

பின்னர் அந்த நிலத்துண்டு பிரிந்து, வடக்கே நகர்ந்து, கிழக்கு மலாயா நிலத்தோடு மோதியது. தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல்லும், ஏறத்தாழ 200 மில்லியன் ஆண்டு வயதுள்ள ஜெராயின் கருங்கல்லும் அந்த மோதலின் காலத்தவை. தீபகற்பத்தின் ஆற்று மணலை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்விலும் இக்காலத்து மணிகளே மிகுந்திருந்தன. அவற்றோடு மிகப் பழைய மணிகளும் கிடைத்தன.

ஜெராய் அடிவார ஓடைகளில் மணலோரம் கருமையான கோடு தெரிந்தால், கனமான தாதுக்கள் அங்கே ஒதுங்கியிருக்கின்றன என்று பொருள். அந்தக் கருமை சிர்கானுடையது அல்ல. சிர்கான் இருந்தால் நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ இடையில் கிடக்கும். பார்க்க நல்ல பூதக்கண்ணாடி வேண்டும்.